கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ஃபேட்டி லிவர்: ஈஸ்ட்ரோஜனும் எண்ணெயும் சேர்ந்து செய்யும் வேலை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 51 வயது. 42 வயதில் நார்க்கட்டி, அதிக உதிரப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்று வலிக்காக ஸ்கேன் பார்த்தபோது ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’, அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று வந்திருக்கிறது. எடை 66 கிலோ, உயரம் 152 செ.மீ., வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 158, கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் இரண்டரை லட்சம். மது பக்கமே போகாதவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே சாப்பாடுதான், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. “ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாத எலிகளுக்குக் கொழுப்பு உணவு கொடுத்தால் கல்லீரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் கெடுகிறது என்று படித்தேன். அம்மாவுக்கு நடந்ததும் அதுதானா? தேங்காய் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா?” என்பது அவர் கேள்வி.

மார்த்தாண்டம் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவள் நான். இதே கேள்வியை இதே வயதுப் பெண்கள் தினமும் கொண்டுவருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

“அதே சாப்பாடுதான், பிறகு ஏன் இப்படி?” என்று கேட்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. சாப்பாடு மாறவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் உடம்பு மாறிவிட்டது. முப்பது வயதில் அம்மாவின் உடம்பு சமாளித்த அதே எண்ணெயை, ஈஸ்ட்ரோஜன் வற்றிய உடம்பால் சமாளிக்க முடியவில்லை. அம்மா மேல் குற்றம் எதுவும் இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். “ஃபேட்டி லிவர் குடிகாரனுக்கு வருவதல்லவா” என்று வெட்கப்பட்டு, ரிப்போர்ட்டை அலமாரியில் ஒளித்து வைக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்து, அந்த ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். ‘டி.ஏ.ஹெச்.’ என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதோடு ‘பி.எஸ்.ஓ.’ என்ற மூன்று எழுத்தும் இருந்தால் இரண்டு பக்கச் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இரண்டுக்கும் ‘யூட்ரஸ் ஆபரேஷன்’ என்ற ஒரே பேர்தான். ஆனால் உடம்புக்கு இரண்டும் வேறு வேறு. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில்தான், கர்ப்பப்பையில் இல்லை. சினைப்பைகள் இருந்தால் மாதவிலக்கு நின்றாலும் ஹார்மோன் சில வருடம் ஓடும். அப்போதும் ஆபரேஷன் செய்யாத பெண்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வற்றிவிடுவது உண்டு. இரண்டையும் எடுத்திருந்தால் அன்றைக்கே, ஆபரேஷன் மேஜையிலேயே மெனோபாஸ் வந்துவிட்டது என்று கணக்கு. இயற்கையாக நான்கைந்து வருடம் மெல்ல இறங்க வேண்டியது ஓரிரு நாளில் இறங்கிவிடும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. மேலை நாடுகளில் அது 51. உங்கள் அம்மாவுக்குச் சினைப்பைகளும் போயிருந்தால், 51 வயதில் அவர் ஒன்பது வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார். அதே தெருவில் இருக்கும் அதே வயதுப் பெண்ணைவிட நான்கைந்து வருடம் கூடுதல். 45 வயதுக்கு முன் சினைப்பைகளை எடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அமெரிக்காவில் பல்லாண்டு நடந்த பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புற்றுநோய் அபாயம் எதுவும் இல்லாதபோது, “எதற்கும் இருக்கட்டும்” என்று நல்ல சினைப்பைகளையும் எடுத்துவிடும் வழக்கம் குறைய வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். இனி உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், “சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?” என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இனி கல்லீரலுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் வெறும் பிள்ளைப்பேற்று ஹார்மோன் இல்லை. கல்லீரல் செல், ரத்தக்குழாய்ச் சுவர், எலும்பு, சிறுநீரகம், மூளை எல்லாவற்றிலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கல்லீரலில் அது செய்யும் வேலைகளில் இரண்டு முக்கியம். மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு தயாரிக்கும் வேலையை அது அடக்கி வைக்கும். ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கூட்டிக் கொடுக்கும். ஈஸ்ட்ரோஜன் போனதும் தயாரிப்பு கூடுகிறது, பிடித்து இழுப்பது குறைகிறது. மாதவிலக்கு நின்ற ஒன்றிரண்டு வருடத்திலேயே எல்.டி.எல். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுவதைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். அம்மாவின் 158-ல் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், கொழுப்பு போய்ச் சேரும் இடம். இளம் வயதில் ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைத் தொடையிலும் பின்பக்கத்திலும் தோலுக்கு அடியில் வைக்கும். அங்கே இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. ஹார்மோன் போனதும் அதே கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். “முன்னே கட்டின சட்டை வயிற்றில் ஏறவில்லை டாக்டர், எடை என்னவோ அதேதான்” என்று சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கரையும் கொழுப்பு அமிலங்கள் நேரே போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன, வேறு எங்கும் சுற்றுவதில்லை. இன்சுலின் பேச்சைக் கேட்காத நிலை, சர்க்கரை நோய்க்கு முந்தைய படியான பிரி டயபடிஸ், ரத்தக்கொதிப்பு எல்லாம் இங்கிருந்து கிளைக்கின்றன. நம்மூர்ப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எடை மெஷினைவிட டேப் அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளக்க வேண்டும்.

நீங்கள் படித்த எலி ஆய்வுகள் உண்மைதான். எலிக்கு நம்மைப் போல மெனோபாஸ் வராது, அதனால் சினைப்பைகளை அறுவை செய்து எடுப்பார்கள். நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள்: சினைப்பை உள்ளவை, இல்லாதவை, இரண்டிலும் பாதிக்குச் சாதாரணத் தீனி, பாதிக்குக் கொழுப்புத் தீனி. சினைப்பை இல்லாததோ கொழுப்புத் தீனியோ ஒன்று மட்டும் என்றால் கெடுதல் ஓரளவில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்த கூட்டத்தில்தான் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும், இதயத் தசையில் நார் படிவதும், சிறுநீரக வடிகட்டிகள் சேதமாவதும் அதிகமாகத் தெரிகின்றன. ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்த எலிகளுக்கும் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் கொடுக்கும் கொழுப்புத் தீனி என்பது மொத்த கலோரியில் 45 அல்லது 60 சதவீதம் கொழுப்பு, பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. நம் வீட்டுச் சாப்பாடு பொதுவாக அந்த அளவுக்குப் போகாது. அதனால் எலிக்கு எட்டு வாரத்தில் நடந்தது அம்மாவுக்கும் அப்படியே நடக்கும் என்று பயப்பட வேண்டாம். போகும் திசை ஒன்றுதான், வேகம் வேறு. மனிதர்களிலும் மாதவிலக்கு நிற்கும்வரை ஃபேட்டி லிவர் ஆண்களுக்கே அதிகம். நின்ற பிறகு பெண்கள் அவர்களை எட்டிப் பிடிக்கிறார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேடு 1, 2, 3 என்பது கல்லீரல் ஸ்கேனில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதன் அளவு. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆபத்தைத் தீர்மானிப்பது தழும்புதான். கிரேடு 1-லும் தழும்பு இருக்கலாம், கிரேடு 3-லும் இல்லாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ‘ஃபிப்-4’ என்ற கணக்கு இருக்கிறது, செலவே இல்லாதது, நீங்களே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 51 × 48 = 2448. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து, அதாவது 250, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 64-ன் வர்க்கமூலம் 8, ஆக 250 × 8 = 2000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.22. இது 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழ் எல்லை 2. அம்மா நல்ல பக்கம்தான் நிற்கிறார், ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இந்தக் கணக்கை வருடம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இப்போது எண்ணெய். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை மாறியது, அடுக்களை மாறவில்லை. அவியல், துவரன், தீயல், புளிமுளம் என்ற புளிப்பான மீன்குழம்பு, கிழங்கும் மீன்கறியும், எல்லாவற்றிலும் தேங்காய் உண்டு. “தேங்காய் எண்ணெயை விடு” என்றால் “அப்போ சாப்பிடுவதையே விட்டுவிடவா” என்றுதான் கேட்பார்கள். அதனால் பிரித்துப் பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருபது சதவீதத்துக்குள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வந்த ஓர் அலசல், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்துப் புள்ளி ஏற்றுகிறது என்று காட்டியது. கொச்சியில் இதய நோயாளிகளிடம் இரண்டு வருடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கொழுப்பு அளவில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் வழக்கமான இதய மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டையும் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. எல்.டி.எல். 158 உள்ள, ஈஸ்ட்ரோஜன் இல்லாத பெண்ணுக்கு அது தினசரிப் பொரியல் எண்ணெயாக இருக்கக் கூடாது. அவியலை இறக்கும்போது பச்சையாக ஊற்றும் ஒரு டீஸ்பூன் இருக்கட்டும், மணம் அதில்தான் இருக்கிறது. தாளிக்கவும் மீன் வறுக்கவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணெயானாலும் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், நாலு டீஸ்பூன் அளவு போதும். ஒரு ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டர் தாண்டக் கூடாது. வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று வகுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கணக்கே போதுமான அதிர்ச்சியாக இருக்கும்.

துருவிய தேங்காய் கதை வேறு. நூறு கிராமில் 33 கிராம் கொழுப்பு உண்டு, கூடவே 9 கிராம் நார்ச்சத்தும் உண்டு. நிறுத்தச் சொல்ல மாட்டேன், குறைக்கச் சொல்வேன். துவரனில் ஒரு பிடிக்குப் பதில் அரைப்பிடி, மீன்கறிக்கு அரைமூடிக்குப் பதில் கால்மூடி. நாலு பேர் சாப்பிடும் சட்டிக்கு அது போதும், ருசி போகாது.

நான் உண்மையில் பயப்படுவது சாயங்காலச் சாயாவோடு வரும் சாமான்களைப் பார்த்துத்தான். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸில் எடைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். பழபஜ்ஜி, ரசவடை, முட்டை போண்டா எல்லாம் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் வேகின்றன. பொரித்த எண்ணெய் கெட்டதா என்று பார்க்க ‘டோட்டல் போலார் காம்பவுண்ட்’ என்று ஓர் அளவு உண்டு. அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூலையிலிருந்தே விதி வைத்திருக்கிறது. ரோட்டோர வாணலியில் தினமும் யார் அளந்து பார்ப்பது? எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைகிறதென்றால் அங்கே வாங்காதீர்கள்.

கொழுப்பை மட்டும் பேசிவிட்டு மாவுச்சத்தை விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கல்லீரலுக்குள் சேரும் கொழுப்பில் ஒரு பங்கு சோறு, மரச்சீனிக் கிழங்கு, சர்க்கரை, மைதா பரோட்டாவிலிருந்து கல்லீரலே தயாரித்தது. கிழங்கு சாப்பிடும் அன்று சோறு வேண்டாம். ஒரே இலையில் இரண்டும் வைப்பது நம்மூர் வழக்கம், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு சாயாவில் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு ஸ்பூன். கருப்பட்டி போட்டாலும் கல்லீரலுக்குச் சர்க்கரைதான்.

நம்மிடம் இருக்கிற நல்லதையும் சொல்ல வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் சாளை (மத்தி மீன்) மலிவாக வரும்போது வாரம் மூன்று நாள் வாங்குங்கள். அதில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். வறுத்தால் பயன் குறையும், புளிமுளம் வையுங்கள். நெத்தோலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்கும் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். உளுந்தங்கஞ்சி, சிறுபயறு, கீரை, முருங்கையிலை எல்லாம் சோற்றின் இடத்தைப் பிடிக்கட்டும். பால் சேர்க்காத, சர்க்கரை போடாத காப்பி ஒன்றிரண்டு குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்பார் அம்மா. ஐந்து சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், அவருக்கு அது மூன்று கிலோ சொச்சம். ஏழு முதல் பத்து சதவீதம், அதாவது நாலரையிலிருந்து ஆறரை கிலோ குறைந்தால் அழற்சியும் அடங்கும், தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை, ஆறு வாரத்தில் அல்ல. பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தால் பித்தப்பையில் கல் வரலாம். நடை வாரத்துக்கு 150 நிமிடம். அதோடு தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருவது, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் தூக்குவது, அவ்வளவு போதும். முந்திரி ஆலையிலோ தையல் மெஷினிலோ எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள், “நாள் முழுக்க வேலைதான் டாக்டர், உடற்பயிற்சி எதற்கு” என்பார்கள். கை மட்டும் வேலை செய்தால் கல்லீரலுக்குப் போதாது.

மருந்து விஷயத்தில் மூன்று சொல்கிறேன். எல்.டி.எல்.லுக்கு ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால், “கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதே” என்று பயந்து தள்ளாதீர்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பானது, அவர்களுக்குத்தான் அதிகம் தேவையும்கூட. அடுத்து, கல்லீரல் என்றதும் யாராவது கீழாநெல்லிப் பொடியும் சீந்தில் கஷாயமும் கொண்டுவருவார்கள். சீந்தில் குடித்துக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி 2021-லிருந்து இந்திய மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். வேண்டாம்.

மூன்றாவது ஹார்மோன் மாத்திரை. “ஈஸ்ட்ரோஜன் இல்லாததுதான் காரணம் என்றால் அதையே கொடுத்துவிடலாமே” என்று தோன்றும். 45 வயதுக்கு முன் சினைப்பைகளை இழந்த பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல் போன்ற தடைகள் இல்லையென்றால், இயற்கையாக மெனோபாஸ் வரும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதே முறை. அம்மாவுக்குச் சினைப்பைகளும் போயிருந்தால், 42-ல் அதைப் பேசியிருக்க வேண்டும். இப்போது வெப்ப எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு மெலிவு இருந்தால் மகளிர் மருத்துவரிடம் கேட்கலாம். 60 வயதுக்கு முன், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் அபாயம் குறைவு. 2002-ல் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வு, அபாயம் கூடுகிறதென்று நிறுத்தப்பட்டதும் உலகமே பயந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஆனால் கல்லீரலுக்காகவோ இதயத்துக்காகவோ மட்டும் ஹார்மோன் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து மருத்துவமனையிலோ இன்னும் சில பரிசோதனைகள் எடுத்துவிடுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி எடுங்கள், 5.7 முதல் 6.4 வரை என்றால் பிரி டயபடிஸ், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். தைராய்டும் பாருங்கள், குறைந்தால் அதுவும் கொழுப்பை ஏற்றும். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும் உறுப்பு, கால் வீங்கும்வரை காத்திருந்தால் பாதி போயிருக்கும். சினைப்பைகளும் எடுத்திருந்தால் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ தெரியவந்தால், 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள், பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இதயத்தைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் இல்லாத பெண்ணுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்பதில்லை. தாடை வலி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அழுத்தம், திடீர் வியர்வை, ஓங்கரிப்பு, மாடிப்படி ஏறவே முடியாத அசதி என்று வரலாம். “வாயு” என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை படுக்கவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்கு அப்போதே கொண்டுபோங்கள்.